மோடைப் பிரித்துப் பார்த்து அதன்மேல் கட்டப் போனேன், சத்திரக்காரியின் முகம் கறுத்துப் போய்விட்டது (ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்)

#1 துளிர்

வணக்கம். நான் விளையாடுகிற ஸ்கைரிம் கேமில் ஒரு சத்திரம் மோட் (ஆட்டக்காரர்கள் செய்து கேமில் சேர்க்கிற கூடுதல் பகுதி) இருக்கிறது. காட்டு வழியில் தனியாக ஒரு கட்டடம், அதில் ஒரு சத்திரக்காரி, அவளுக்கென்றே பதிவு செய்த குரல், கொஞ்சம் பொருளும் விற்பாள். எனக்கு ரொம்பப் பிடித்த மோட், ஆனால் ஆக்கியவர் பல வருடமாக அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு வேண்டியது இரண்டே விஷயம். அவள் விற்கிற சரக்கில் மூன்று மருந்து சேர்க்க வேண்டும், கீழே ஒரு நிலவறை கட்ட வேண்டும்.

திறந்து பார்த்தால் ஒரு ஈஎஸ்பி (மோடின் விவரங்கள் உள்ள ப்ளகின் ஃபைல்), இரண்டு பிஎஸ்ஏ (உருவம், படம், குரல் எல்லாம் அடைத்த மூட்டை ஃபைல்), வேறெதுவும் இல்லை. ஒரிஜினலைக் கெடுக்க வேண்டாமே என்று ஈஎஸ்பியைக் காப்பி எடுத்து, வேறு பெயர் வைத்து, ஒரிஜினலை ஆஃப் செய்துவிட்டு, எக்ஸ்எடிட்டில் (ப்ளகினைத் திறந்து திருத்துகிற டூல்) அவளுடைய பெட்டியில் மூன்று மருந்தைச் சேர்த்தேன். கேமுக்குள் போனால் பாதிக் கட்டடம் இல்லை. எங்கோ படித்து, பிஎஸ்ஏ இரண்டையும் பிரித்து டேட்டா ஃபோல்டரில் கொட்டினேன். கட்டடம் வந்துவிட்டது. ஆனால் அவள் முகம் கரி பூசியது போல இருக்கிறது, உடம்பு மட்டும் சாதாரண நிறம். பேசினால் சத்தமே இல்லை, எழுத்து மின்னி மறைகிறது. சேர்த்த மருந்தும் விற்பனையில் வரவில்லை. அவளுடைய ரெகார்டை (ப்ளகினில் அவளைப் பற்றிய பதிவை) நான் தொடவே இல்லை என்பதுதான் புரியாத விஷயம். என்ன உடைத்தேன்?

#2 மஞ்சள்பூனை

முகம் கறுத்தால் எல்லோரும் போய் நிற்கிற இடம் தோல் டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் ஒட்டுகிற படம்). நான் ஒரு முழு ராத்திரி டெக்ஸ்சர் மோடாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். அங்கே போகாதீர்கள், வில்லாளி வரட்டும்.

#3 பழைய_வில்லாளி

வந்துவிட்டேன். துளிர், நீங்கள் உடைத்தது பெயரை. ஈஎஸ்பியின் ஃபைல் பெயர் சும்மா ஒட்டிய லேபிள் இல்லை, அது முகவரி. கேம் மூன்று இடத்தில் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது.

ஒன்று, பிஎஸ்ஏ. ப்ளகினின் பெயரும் பிஎஸ்ஏவின் பெயரும் ஒத்துப் போனால்தான் கேம் அதைத் தானாகத் திறக்கும் (கூடவே அதே பெயரோடு டெக்ஸ்சர்ஸ் என்று முடிகிற இன்னொன்றையும்). நீங்கள் ஈஎஸ்பிக்கு வேறு பெயர் வைத்ததும் இரண்டு பிஎஸ்ஏவும் அநாதை. அதனால்தான் பாதிக் கட்டடம் காணாமல் போனது, மீதிப் பாதி கேமிலேயே இருக்கிற சுவரும் தூணும். பிரித்துக் கொட்டியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரிந்தது.

இரண்டாவது முகம். ஒவ்வொரு பாத்திரத்தின் தலையும் முன்கூட்டியே செய்து வைத்த ஒரு நிஃப் ஃபைல் (மெஷ் என்கிற முப்பரிமாண உருவம்). அது மெஷஸ், ஆக்டர்ஸ், கேரக்டர், ஃபேஸ்ஜென்டேட்டா, ஃபேஸ்ஜியோம் என்று வரிசையாக உள்ளே போய், கடைசியில் ப்ளகினின் பெயரிலேயே உள்ள ஒரு ஃபோல்டரில் இருக்கும். ஃபைலின் பெயர் அந்தப் பாத்திரத்தின் ஃபார்ம் ஐடி (ஒவ்வொரு ரெகார்டுக்கும் உள்ள அடையாள எண்), முன்னால் இரண்டு பூஜ்யம். முகத்தின் சாயத்துக்கும் இதே மாதிரி டெக்ஸ்சர்ஸ் பக்கம் ஒரு ஃபோல்டர் உண்டு. உங்கள் டேட்டாவில் இருப்பது பழைய பெயரில் உள்ள ஃபோல்டர். கேமோ இந்தப் பாத்திரம் புதுப் பெயர் ப்ளகினில் பிறந்தவள் என்று நினைத்து, புதுப் பெயரில் ஃபோல்டர் தேடுகிறது. கிடைக்காதபோது ரெகார்டில் இருக்கிற விவரத்தை வைத்து அந்த நேரத்தில் ஒரு தலையைச் செய்து மாட்டுகிறது, நிறம் ஒட்டாமல் போகிறது. கறுப்பு முகம் என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான்.

மூன்றாவது குரல். சவுண்ட், வாய்ஸ், அதற்குள் மறுபடி ப்ளகின் பெயர், அதற்குள் குரல் வகை. கதை அதேதான். குரல் ஃபைல் இல்லாத வசனத்தைக் கேம் காத்திருக்காமல் தாண்டிவிடும், எழுத்து மின்னி மறைவது அதனால்.

மருந்து வராதது வேறு விஷயம், அதைச் சுத்தியலிடம் விடுகிறேன், கடைக்கணக்கு அவருக்குத்தான் பிடிக்கும்.

#4 துளிர்

அட. அப்போது அந்த ஃபோல்டர்களுக்கும் புதுப் பெயர் வைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

#5 பழைய_வில்லாளி

ஆகும், ஆனால் செய்யாதீர்கள். செய்து முடித்ததும் உங்கள் கையில் இருப்பது அந்த மோடின் மேல் கட்டியது அல்ல, அந்த மோடின் நகல். ஆக்கியவர் நாளைக்குத் திரும்பி வந்து ஒரு கோளாறைச் சரிசெய்தால் உங்களுக்கு வராது. அந்தச் சத்திரத்துக்கென்று மற்றவர்கள் செய்த பேட்ச்கள் (மோடின் மேல் ஏறுகிற சின்னத் திருத்த ஃபைல்கள்) பழைய பெயரைத்தான் மாஸ்டராக, அதாவது முன்னால் இருந்தாக வேண்டிய ப்ளகினாகக் கேட்கும், உங்களுடையதை அவற்றுக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஒரே இடத்தில் இரண்டு சத்திரம். தவிர, மற்றவருடைய மெஷ்ஷும் குரலும் உங்கள் ஃபைலில் இருப்பதால் நீங்கள் அதை வெளியிடவும் முடியாது.

ஒரிஜினலை அப்படியே ஆன் செய்யுங்கள், பெயரோடு, பிஎஸ்ஏவோடு. டேட்டாவில் கொட்டிய ஃபைல் ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் வெளியே கிடக்கிற ஃபைல் பிஎஸ்ஏவுக்குள் இருப்பதை எப்போதும் ஜெயிக்கும். இப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து மோடை அப்டேட் செய்துவிட்டு, ஏன் ஒன்றுமே மாறவில்லை என்று இங்கேயே வந்து கேட்பீர்கள்.

பிஎஸ்ஏவைப் பார்க்கத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் கேம் ஃபோல்டருக்கு வெளியே ஒரு இடத்தில் பிரித்துப் பாருங்கள். பிஎஸ்ஏ பிரவுசர் போதும், முழுதாகப் பிரிக்காமலே பட்டியலைப் பார்க்கலாம், வேண்டிய ஒன்றை மட்டும் உருவலாம். பழைய டூல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: 2011 ஸ்கைரிமின் பிஎஸ்ஏ பதிப்பு எண் 104, ஸ்பெஷல் எடிஷனுடையது 105. முதலாவது ஸிலிப் முறையில் சுருக்கப்பட்டது, அடுத்தது எல்இசட்4. பழைய டூல் புதிய ஃபைலைத் திறக்கத் திணறினால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

பிஎஸ்ஏவைப் பார்ப்பதில் இன்னொரு லாபம், ஆக்கியவர் எப்படி யோசிப்பவர் என்பது ஃபோல்டர் அடுக்கிலேயே தெரிந்துவிடும். சிலர் எல்லாவற்றையும் தன் பெயரில் ஒரு தனி ஃபோல்டரில் வைத்திருப்பார்கள். சிலர் கேமின் அசல் மெஷ்ஷின் மேலேயே எழுதியிருப்பார்கள், அப்படி இருந்தால் அந்த மோடை நம்பி எதையும் கட்டாதீர்கள், உலகம் முழுக்க மேசை நாற்காலி மாறும்.

#6 சுத்தியல்

கடைக்கணக்குக்கு வந்தேன்.

துளிர், நீங்கள் மருந்து போட்ட பெட்டி அவள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெட்டியாக இருக்கும். பெயரைப் பார்த்துத் தேடினால் அதுதான் அகப்படும். ஸ்கைரிமில் வியாபாரியின் சரக்கு இருப்பது ஆள் கண்ணில் படாத இன்னொரு பெட்டியில், தரைக்கு அடியிலோ சுவருக்குப் பின்னாலோ. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, ஒரு தடவை செய்தால் மறக்காது.

எக்ஸ்எடிட்டில் அந்த மோடை மட்டும் டிக் செய்து திறங்கள், அதற்கு வேண்டிய மாஸ்டர்கள் தானாக வரும். சத்திரக்காரியின் என்பிசி (கேம் நடத்துகிற பாத்திரம்) ரெகார்டுக்குப் போங்கள். ஃபாக்‌ஷன்கள் என்று, அவள் சேர்ந்திருக்கிற குழுக்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் ஒன்று வியாபாரத்துக்கானது, கன்ட்ரோல் அழுத்திக் க்ளிக் செய்தால் அந்த ரெகார்டுக்கே தாவும். அங்கே வியாபாரம் எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்பதோடு, எந்தப் பெட்டி என்றும் இருக்கும். அந்த வரி காட்டுவது உலகத்தில் வைத்திருக்கிற பெட்டியை. அதிலிருந்து இன்னொரு தாவல், அதன் மூலப் பெட்டியான கன்டெய்னர் ரெகார்ட். அதற்குள்தான் சரக்கு.

திறந்ததும் பொருள்களை விட லெவல்ட் லிஸ்ட்கள்தான் (எந்தப் பொருளெல்லாம் வரலாம் என்கிற பட்டியல்கள்) அதிகம் தெரியும். இங்கேதான் கவனம் வேண்டும். அந்த லிஸ்ட் மோடுடையதா, கேமுடையதா என்று பாருங்கள். கேமுடைய மருந்து லிஸ்ட்டில் உங்கள் மருந்தைச் சேர்த்தால் அது ஸ்கைரிமில் அந்த லிஸ்ட்டைப் பயன்படுத்துகிற எல்லாக் கடையிலும் வரும், இன்னொரு மோட் அதே லிஸ்ட்டைத் தொட்டிருந்தால் லோட் ஆர்டரில் (ப்ளகின்கள் ஏறுகிற வரிசையில்) பின்னால் வருவது மற்றதை முழுசாக விழுங்கும். கீழே இருக்கிற ரெஃபரன்ஸ்ட் பை தாவலைப் பாருங்கள், ஒரு ரெகார்டை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று அது சொல்லும். நான் எதைத் தொடுவதற்கு முன்னும் அங்கே ஒரு பார்வை பார்த்துவிடுவேன். ஒரே ஒரு பெயர் இருந்தால் தைரியமாகத் தொடலாம். நாற்பது இருந்தால் கையை எடுங்கள்.

சரியான கன்டெய்னர் கிடைத்ததும் வலது க்ளிக், காப்பி அஸ் ஓவர்ரைடு இன்டு, புதிய ஃபைல். ஓவர்ரைடு என்பதைக் கவனியுங்கள். பக்கத்திலேயே நியூ ரெகார்ட் என்று இன்னொன்று இருக்கிறது, அது புது ஐடியோடு தனிப் பெட்டியை உண்டாக்கும், யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஓவர்ரைடில் ஐடி பழையதே, உள்ளடக்கம் மட்டும் உங்களுடையது. உங்கள் ஃபைலுக்கு அந்தச் சத்திரம் மாஸ்டராக ஏறிக்கொள்ளும். இப்போது மருந்தைச் சேருங்கள். உங்கள் மோட் முழுவதும் ஒரே ஒரு ரெகார்ட்.

இதே காரணத்தால்தான் அவள் முகமும் கெடாது. அவள் பிறந்த ப்ளகின் பழைய பெயரிலேயே இருக்கிறதல்லவா, கேம் பழைய ஃபோல்டரிலேயே தேடும். ஆனால் நாளைக்கு அவளுடைய மூக்கையோ தலைமுடியையோ மாற்றி ஓவர்ரைடு செய்தால் ரெகார்டும் தலை ஃபைலும் ஒத்துப் போகாமல் மறுபடி கறுக்கும், அப்போது தலையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

#7 காகிதக்கப்பல்

இவ்வளவு பாடா? ஃபாக்டோரியோ மோட் என்றால் ஒரு ஸிப், உள்ளே லுவா, நோட்பேடில் திறந்து படித்துவிடலாம். இன்ஃபோ ஜேஸனில் இது எனக்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் மற்ற மோடுக்குப் பின்னால் என்னுடையது ஏறும், டேட்டா அப்டேட்ஸ் ஃபைலில் அவருடைய பொருளை நான் மாற்றிக்கொள்ளலாம். ரிம்வேர்ல்டிலும் டெஃப்ஸ் எல்லாம் எக்ஸ்எம்எல், எக்ஸ்பாத் போட்டு ஒரு வரியை மட்டும் மாற்றலாம்.

#8 சுத்தியல்

உண்மைதான், பொறாமையாகத்தான் இருக்கிறது. ரிம்வேர்ல்டில் ஒரு வரியை மாற்றினால் அந்த வரி மட்டும் மாறும். இங்கே பெட்டியில் ஒரு மருந்து சேர்த்தாலும் பெட்டி ரெகார்ட் முழுவதும் நம்முடையதாகிவிடும், ஆக்கியவர் பின்னால் அதே பெட்டியில் செய்கிற திருத்தத்தை நம் பேட்ச் மறைத்துவிடும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

#9 இரவுக்குருவி

ஸ்கிரிப்ட் பக்கம் யாரும் சொல்லவில்லை, துளிருக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும் நிலவறைக்குக் கதவு, சாவி என்று போனால் தேவைப்படும்.

பிஎஸ்ஏவுக்குள் பெக்ஸ் என்று முடிகிற ஃபைல்கள் இருக்கும். அவை பப்பைரஸ் (ஸ்கைரிமின் நிரல் மொழி) ஸ்கிரிப்டின் கம்பைல் ஆன வடிவம், படிக்க முடியாது. நல்ல மனம் உள்ளவர்கள் மூலத்தையும் சேர்த்து வைத்திருப்பார்கள், அது பிஎஸ்சி. தேடும்போது ஒரு குழப்பம் வரும்: பழைய ஸ்கைரிமில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் சோர்ஸ், ஸ்பெஷல் எடிஷனில் சோர்ஸுக்குள் ஸ்கிரிப்ட்ஸ். இரண்டையும் பாருங்கள். மூலம் இல்லையென்றால் சாம்பொலியன் என்று ஒரு டிகம்பைலர் இருக்கிறது, பெக்ஸைக் கொடுத்தால் ஏறக்குறைய படிக்கிற மாதிரி பிஎஸ்சி தரும். ஃபங்ஷன், ப்ராப்பர்ட்டி பெயர்கள் அப்படியே வரும், ஆக்கியவர் எழுதிய குறிப்புகள் மட்டும் வராது, அவை கம்பைல் ஆகும்போதே போய்விட்டன.

ஆனால் அதற்கு ஓடுவதற்கு முன் எக்ஸ்எடிட்டில் அந்த ரெகார்டின் விஎம்ஏடி பகுதியை (ஸ்கிரிப்டுக்குத் தருகிற மதிப்புகள் இருக்கிற இடம்) விரித்துப் பாருங்கள். புதியவர்கள் அறை வாடகை எவ்வளவு, எத்தனை நாள், எந்தச் சாவி என்பதெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருக்கும் என்று நினைத்து டிகம்பைல் செய்கிறார்கள். பெரும்பாலும் ஸ்கிரிப்டில் இருப்பது வெறும் காலிப் பெட்டி. நிரப்பியது ப்ளகினில். நான் முதன்முதலில் ஒரு மோடைப் பிரித்தபோது நான்கு ஸ்கிரிப்டை டிகம்பைல் செய்து, கம்பைல் பிழைகளோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, நான் மாற்ற நினைத்த எண் விஎம்ஏடியில் ஒரு வரியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

இன்னொன்று. ஓடத் தொடங்கிய ஸ்கிரிப்டின் மதிப்புகள் சேவ் ஃபைலில் பதிந்துவிடும். ப்ளகினில் மாற்றிவிட்டுப் பழைய சேவில் சோதித்தால் பழைய எண்தான் வரும். மாற்றம் வேலை செய்யவில்லை என்று நினைத்து, சரியாக இருந்ததைப் போய்க் கெடுப்போம். மெயின் மெனுவிலேயே கன்சோலைத் திறந்து சிஓசி என்று அடித்து ஒரு இடத்தின் பெயரைக் கொடுத்தால் சேவ் இல்லாமலே உள்ளே போய்விடலாம். சோதனைக்கு அதுதான்.

#10 காகிதக்கப்பல்

டிகம்பைல் பேச்சு வந்ததால் கேட்கிறேன், தெரியாத மோடைத் திறப்பதே ஆபத்து இல்லையா? மைன்கிராஃப்டில் 2023 ஜூனில் ஃப்ராக்சரைஸர் என்று ஒரு தீநிரல் பரவியதே, நல்ல மோட்களின் ஜார் ஃபைலுக்குள்ளேயே ஏறியிருந்தது.

#11 இரவுக்குருவி

திறந்து பார்ப்பதும் ஓட்டுவதும் ஒன்றில்லை. ஜார் என்பது ஸிப்தான், ஸிப்பாகப் பிரித்து ஃபேப்ரிக் மோட் ஜேஸனையோ மோட்ஸ் டாமலையோ படித்தால், க்ளாஸ் ஃபைல்களை வைன்ஃப்ளவர் என்கிற டிகம்பைலரில் போட்டு ஜாவாவாகப் பார்த்தால், எதுவும் ஓடுவதில்லை. கேமில் ஏற்றும்போதுதான் ஓடும், அப்போது உங்கள் கணினியில் மற்ற நிரலுக்கு இருக்கிற உரிமை அதற்கும் உண்டு. ஸ்கைரிமில் ஈஎஸ்பி, பிஎஸ்ஏ, பெக்ஸ் எல்லாம் கேமின் வேலிக்குள் கிடப்பவை. எஸ்கேஎஸ்இ (ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் திறனைக் கூட்டுகிற தனி நிரல்) ப்ளகின்ஸ் ஃபோல்டரில் டிஎல்எல் (கணினியில் நேரடியாக ஓடுகிற நிரல் ஃபைல்) இருந்தால் மட்டும் அது வேலி தாண்டியது. துளிரின் சத்திரத்தில் டிஎல்எல் இல்லை, கவலை வேண்டாம்.

#12 மஞ்சள்பூனை

எனக்கு ஒரு சந்தேகம், கோபப்படாதீர்கள். ஆக்கியவரே காணாமல் போய்விட்டார். நகல் எடுத்து எல்லாவற்றையும் சரிசெய்து வெளியிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இல்லையென்றால் அந்த மோட் அப்படியே செத்துத்தானே போகும்.

#13 பழைய_வில்லாளி

மோட் பக்கத்தில் அனுமதி என்று ஒரு பகுதி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். சிலர் நான் ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே எழுதி வைத்திருப்பார்கள், அப்படி இருந்தால் பேச்சே இல்லை, எடுத்துக்கொள்ளலாம். ஒன்றும் எழுதவில்லை என்றால் அது திறந்த வீடு என்று அர்த்தமில்லை, உரிமை அவருடையதே. ஆள் காணாமல் போனதால் அது மாறாது.

நீங்கள் நினைக்காத இன்னொரு சிக்கல் சொல்கிறேன். நன்றி சொல்கிற பகுதியைப் பாருங்கள். இந்தச் சத்திரத்தின் விளக்கு ஒருவருடையது, ஜன்னல் திரை இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது என்று இருக்கும். அவர்கள் அனுமதி கொடுத்தது ஆக்கியவருக்கு, உங்களுக்கு அல்ல. ஆக்கியவர் சரி என்று சொன்னால்கூட அந்த மூவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு கோட்டை மோடை அனுமதியோடு எடுத்து நடத்தப் போய், ஒரே ஒரு கம்பளத்தின் சொந்தக்காரரைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன், கடைசியில் கம்பளத்தையே எடுத்துவிட்டேன்.

பேட்ச் என்றால் இந்தத் தொல்லை எதுவும் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் ஃபைலில் அவருடைய மெஷ், டெக்ஸ்சர், குரல் ஒன்றும் கிடையாது, ஒரிஜினல் இல்லாமல் அது ஓடவும் ஓடாது. சிலர் பேட்சுக்கும் நிபந்தனை எழுதியிருப்பார்கள், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

#14 மஞ்சள்பூனை

சரி, கம்பளத்துக்கு மூன்று மாதம் என்றதும் ஆசை போய்விட்டது.

#15 துளிர்

எல்லோருக்கும் நன்றி. ஒரிஜினலை ஆன் செய்தேன், டேட்டாவைச் சுத்தம் செய்தேன், முகமும் குரலும் திரும்பிவிட்டன. சுத்தியல் சொன்ன வழியில் போனால் அசல் பெட்டி கட்டடத்துக்கு அடியில் மண்ணுக்குள் இருந்தது. ஓவர்ரைடு செய்து மருந்து சேர்த்தேன்.

இரண்டு பிரச்சினை. புதுசாகத்தான் தொடங்கினேன், ஒருமுறை கடையைப் பார்த்துவிட்டுப் பிறகு மருந்தைச் சேர்த்து அதே சேவில் போனால் மருந்து வரவில்லை. அப்புறம் நிலவறைக்காகக் கிரியேஷன் கிட்டில் (கேம் நிறுவனமே தருகிற மோட் செய்யும் டூல்) என் பேட்சைத் திறந்து சேவ் செய்தேன், எக்ஸ்எடிட்டில் பார்த்தால் சத்திரம் மாஸ்டர் பட்டியலிலேயே இல்லை, நான் செய்ததெல்லாம் உடைந்து கிடக்கிறது.

#16 சுத்தியல்

முதலாவதற்கு, கடைக்காரர் சரக்கு கேம் கணக்கில் 48 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மாறும். சத்திரத்தை விட்டு வெளியே போய் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது நம் எல்லோரையும் கடித்த பாம்பு. கிரியேஷன் கிட் ஒரு ஈஎஸ்பியை இன்னொரு ஈஎஸ்பிக்கு மாஸ்டராக வைத்துக்கொள்ளாது, சேவ் செய்யும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றிவிடும். பேக்கப் இருக்கும் என்று நம்புகிறேன். வழி இதுதான்: எக்ஸ்எடிட்டில் சத்திரத்தின் ஹெடரில் ஈஎஸ்எம் கொடியை (இது மாஸ்டர் என்று காட்டுகிற குறி) போடுங்கள், கிட்டில் வேலையை முடியுங்கள், முடிந்ததும் கொடியை எடுத்துவிடுங்கள். எடுக்க மறக்காதீர்கள்.

நிலவறையைச் சத்திரத்தின் செல்லுக்குள்ளேயே (செல் என்பது கேமில் தனியாக ஏறுகிற ஒரு இடம்) கட்டாமல் தனி செல்லாகக் கட்டுங்கள். சத்திரத்துக்குள் நீங்கள் வைக்க வேண்டியது ஒரு கதவு மட்டும். கூட வருகிற தோழர்கள் கதவைத் தாண்டி வர இரண்டு பக்கமும் நேவ்மெஷ் (பாத்திரங்கள் எங்கே நடக்கலாம் என்கிற வரைவு) ஃபைனலைஸ் செய்ய வேண்டியிருக்கும், அதற்காகச் சத்திரத்தின் நேவ்மெஷ் உங்கள் பேட்சில் ஏறத்தான் செய்யும், பரவாயில்லை. ஆனால் அதை அழித்துவிட்டுப் புதிதாக வரையாதீர்கள். அழிந்த நேவ்மெஷ் கேமையே கவிழ்க்கும்.

#17 துளிர்

இரண்டு நாள் காத்திருந்தேன், மருந்து வந்துவிட்டது! நிலவறையும் பாதி முடிந்தது, கதவு வேலை செய்கிறது. என் தோழன் மட்டும் முதல் படியில் நின்று சுவரைப் பார்க்கிறான், ஃபைனலைஸ் இனிமேல்தான். கடைசியாக ஒன்று. ப்ளகின் எண்ணிக்கை எனக்கு நெருக்கடி, சத்திரத்தின் ஈஎஸ்பியை ஐடி சுருக்கி ஈஎஸ்எல் (அந்த எண்ணிக்கையில் சேராத இலகு ப்ளகின்) ஆக்கிவிடலாமா?

#18 பழைய_வில்லாளி

ஒரிஜினலில் கை வைக்காதீர்கள். ஐடி சுருக்கினால் சத்திரக்காரியின் ஐடி மாறும். தலை ஃபைலின் பெயர் அந்த ஐடி என்று மேலே சொன்னேன் அல்லவா, குரல் ஃபைல் பெயரிலும் அதன் வசனத்தின் ஐடி இருக்கிறது. மறுபடி கறுப்பு முகம், மறுபடி ஊமை. கூடவே உங்கள் பேட்ச் பழைய ஐடியைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

உங்கள் பேட்சுக்கு ஈஎஸ்எல் கொடி போடலாம், மருந்துப் பெட்டி மட்டும் இருக்கிற ஃபைலுக்கு. புது செல் இருக்கிற ஃபைலுக்கு நான் போடுவதில்லை. இரண்டையும் தனித்தனி ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள்.

#19 துளிர்

பிரித்துவிட்டேன். தோழன் படியிறங்கி வந்துவிட்டான், வந்ததும் பீப்பாய்க்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டான், அது என் நேவ்மெஷ்தான், அவளுடைய சத்திரத்தின் மேல் பழி இல்லை.